ஒரு பலகைக்குப் பதினோரு நிமிடம்

"அது சும்மா காத்துல நடந்துகிட்டு இருக்கு மிஸ்."

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கடை வாசலில் ஒருவன். முடியிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவன் கடைமுகப்போடு நின்றிருக்கலாம். கண்ணாடிக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, மரப்பலகையில் எழுத்துச் சுடும் அவளுடைய லேசர் இயந்திரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எது?"

"அந்த லேசர் தலைதான். இந்த ஓரத்துல துளி சுடுது. அப்புறம் நடு முழுக்கச் சும்மா நடக்குது. அந்த ஓரத்துல துளி சுடுது. திரும்பவும் நடக்குது..."

கண்கள்... அந்த அவசரத்திலும் அவள் கவனித்துத் தொலைத்தாள். நனைந்து ஒட்டிய இமைகளுக்குள் இரண்டு கரிய கண்கள். அவை அவளைப் பார்க்கவே இல்லை. பசித்தவன் வாழையிலையைப் பார்ப்பதுபோல இயந்திரத்தையே பார்த்தன. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு எரிச்சல்படக்கூட நேரம் இல்லை. நாளை மாலை நான்கு மணிக்குக் கிள்ளானில் விழா. முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் நூற்றறுபது பேருக்கு ஒரு சங்கம் மேடையில் நினைவுப் பலகை கொடுக்கிறது. கோல ஓரம், நடுவில் பிள்ளையின் பெயர், கீழே அப்பா அம்மா பெயர். ஒரு பலகைக்குப் பதினோரு நிமிடம். முடிந்தது முப்பது. இரவு எட்டுக்கு மேல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. மரம் கருகும் வாசனை மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்று கட்டடத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐம்பது பிள்ளைகளுக்குப் பலகை இருக்காது.

அந்த ஐம்பது பேர் மேடையில் எப்படி நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், இதேபோல ஒரு விழாவில், அவள் கையில் காலி டப்பாவைக் கொடுத்தார்கள். "படத்துக்குச் சிரிம்மா, பலகை அடுத்த வாரம் வரும்." வரவே இல்லை. கடன் வாங்கிய புடவையில் வந்திருந்த அம்மா வீட்டுக்குப் போனதும் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

எந்தப் பிள்ளை கையிலும் காலி டப்பா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்த ஆர்டரை எடுத்தாள்.

இவனோ இன்னும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். கோலத்தையும் பெயரையும் ஒரே படமாகக் கொடுத்துவிட்டீர்கள், தனித்தனியாகப் பிரித்தால் பாதி நேரம் மிச்சம், நான் வேண்டுமானால் காட்டட்டுமா... பேசியபடியே உள்ளே வந்தவன், நிறுத்தும் பொத்தானின் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடுங்க பாஸ்."

எடுத்தான்.

"நீங்க என்ன டிகிரி?"

அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "எஸ்பிஎம்தான் மிஸ், பள்ளிக்கூடத்தோட சரி. கிள்ளான்ல போர்டு செய்யிற ஃபேக்டரி. ஏழு வருஷமா இதே மெஷின்தான்..."

"நான் நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சிருக்கேன். மழை விட்டுருச்சு, கெளம்புங்க."

மழை விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்க வெள்ளைக் கம்பிகளாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தலையசைத்துவிட்டு அதற்குள்ளேயே இறங்கி நடந்தான். ஓடக்கூட இல்லை.

கதவு மூடிக்கொண்டது. லோகேஸ்வரிக்குத் தன் குரலே காதில் நின்றது. இந்தத் தொனி அவளுக்குப் பழக்கம். ஏழு நேர்முகத் தேர்வுகளில், ஏசி அறைகளில், எதிரே உட்கார்ந்தவர்கள் அவளிடம் பேசிய தொனி. அதை அப்படியே எடுத்து ஒரு முன்பின் தெரியாதவன்மேல் வீசிவிட்டாள். நல்லா வந்திருக்கடி... நல்லா.

*

பிற்பகல் இரண்டு மணிக்குள் அவள் மூன்று விதமாக முயன்றுவிட்டாள். வேகத்தைக் கூட்டினாள், எழுத்து வெளிறியது, யாரோ பென்சிலால் எழுதி அழித்ததுபோல. சக்தியை உச்சத்துக்கு ஏற்றினாள், அப்போதும் அப்படியே. லென்சின் உயரத்தை மாற்றினாள், அதுவும் உதவவில்லை. கூடுதலாக இருந்ததே நான்கு பலகைகள். மூன்று பாழ். இன்னொன்று பாழானால் ஒரு பிள்ளையின் பலகை போகும்.

சரி என்று முனகிக்கொண்டு, வெளிறாத பழைய வேகத்திலேயே ஓடவிட்டு, ஓரத்தில் துளி சுட்டு நடுவில் சும்மா நடக்கும் அந்தத் தலையைப் பார்த்தாள். அவன் சொன்னது கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. நாலு வருஷப் படிப்புக்கு அது தெரியவில்லை என்பதைவிட, தெரிந்தவனைத் துரத்தியது அதிகமாக வலித்தது.

இயந்திரத்தை நிறுத்தி, கடைக் கதவைப் பூட்டிவிட்டு ரோட்டில் இறங்கினாள். எங்கே போய்த் தேடுவது... பேர்கூடத் தெரியாது. நல்லவேளை, நூறடி தள்ளி வடைக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டை பாதி காய்ந்திருந்தது. மடியில் ரமணி அக்கா தையல் கடையின் பிளாஸ்டிக் பை.

நேராகப் போய் எதிரே நின்றாள்.

"நான் கேட்டது தப்பு. என்னை யாராச்சும் அப்படிக் கேட்டா நான் அறைஞ்சிருப்பேன். வந்து பாருங்க."

அவன் வடையைக் கீழே வைத்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று கண்கள் காட்டிக்கொடுத்தன.

"டிகிரி இல்லாதவன் தொட்டா உங்க மெஷின் கோவிச்சுக்காதா?"

"அது கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கறேன். நீங்க இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

தங்கச்சியின் ரவிக்கை வாங்க வந்ததாகச் சொன்னான். பைதான் கையில் இருக்கிறதே என்றாள். மழை, என்றான். மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருவருமே வானத்தைப் பார்க்கவில்லை.

பெயர் குகன் என்று நடக்கும்போதுதான் சொன்னான்.

*

உள்ளே வந்ததும் அவன் வேலையில் இறங்கினான். பாழான பலகைகளைத் திருப்பிப் பின்பக்கத்தில் சோதனை போட்டான். புதியதைத் தொடவே இல்லை. அந்த ஒரு செய்கையிலேயே அவளுடைய தயக்கம் பாதி கரைந்தது.

கோலத்தைப் படத்திலிருந்து பிரித்துக் கோடாக மாற்றச் சொன்னான். மாற்றினாள். இனி லேசர் தலை பலகையின் அகலம் முழுக்க ஓடவேண்டாம். பேனா பிடித்ததுபோலக் கோலக் கோட்டின்மேலேயே ஒருமுறை சுற்றி வந்தால் போதும். பதினொன்று ஏழானது.

"வரிக்கு வரி ரொம்ப நெருக்கமா வெச்சிருக்கீங்க. சுட்ட இடத்தையே திரும்பச் சுடுது."

இடைவெளியை இரண்டு மடங்காக்கினாள். போகும்போது மட்டும் சுட்டுக்கொண்டிருந்த தலையைத் திரும்பி வரும்போதும் சுட வைத்தான். முதலில் எழுத்தின் விளிம்பு பல் பல்லாகப் பிசிறியது. அதனால்தான் தான் ஒருவழியாகவே வைத்திருந்ததாகச் சொன்னாள். போக்குக்கும் வரவுக்கும் நடுவில் முடியளவு விலகல் இருக்கிறது என்று சொல்லி, பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு, அவள் அளவை மாற்ற மாற்ற, எது நேராக நிற்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். அவன் தோள் அவள் தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. நனைந்த சட்டை காய்கிற வாசனை... லோகேஸ்வரி அளவை இரண்டுமுறை தப்பாக அடித்தாள்.

ஐந்து நிமிடம். ஆனால் எழுத்து மறுபடியும் வெளிறியது.

மணி மூன்றே கால். நூற்றெட்டுப் பலகை பாக்கி. ஐந்து நிமிடம் என்றாலும் போதாது. வெளிறிய எழுத்தை மேடையில் கொடுக்கவும் முடியாது.

"ஒளி பலவீனமா இருக்கு," என்றான். "லேசர் ட்யூப் வாங்கி எவ்வளவு நாள்?"

எட்டு மாதம். சாகிற வயசில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளில் ஒன்றை அவன் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தான். பஞ்சு பழுப்பாக வந்தது. மரத்தூசி இப்படிப் பிசுபிசுக்காதே என்று மூக்கருகே கொண்டுபோனவன், நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தான். சுவரில் முருகன் படம். கீழே தூபக்கால், காலையில் போட்ட தூபத்தின் சாம்பல் இன்னும் அதில்.

பஞ்சை அவளிடம் நீட்டினான்.

சாம்பிராணி.

அந்த நேரம் பார்த்து அம்மா சீதாலெட்சுமி தேத்தண்ணி ஃபிளாஸ்கோடு உள்ளே வந்தாள். யாரிந்தத் தம்பி, கண்ணாடியை ஏன் பிய்த்துவைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டதும் குகன் முந்திக்கொண்டான். வெறும் தூசிதான் ஆன்டி, மழை நாளில் இப்படித்தான் படியும் என்றான்.

லோகேஸ்வரி பஞ்சையே பார்த்தாள். அம்மா கேன்டீனில் தட்டுக் கழுவுபவள். மகள் படித்த எதுவும் அவளுக்குப் புரியாது. வெள்ளிக்கிழமை காலையில் இந்த இயந்திரத்துக்குச் சாம்பிராணி காட்டுவதுதான் மகளின் இஞ்சினியரிங்கில் அவளுக்கு இருக்கும் ஒரே பங்கு. 'உள்ளயும் நல்லாக் காட்டணும்' என்பாள். எட்டு மாதமாக வாராவாரம் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? வேறு யார்... படித்த மகள்தான். எழுத்து வெளிற வெளிற வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததும் அவள்தான்.

"தூசி இல்லம்மா. சாம்பிராணிப் புகை. கண்ணாடில படிஞ்சிருச்சு. நான்தான் யோசிக்காம மூடியத் தொறந்து காட்டினேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள். "அப்போ இத்தனை நாளும் நான் கெடுத்துக்கிட்டா இருந்தேன்?"

"நீ காட்டு. மூடிய மூடிட்டுக் காட்டு."

"அதானே... மூடி போட்டா முருகனுக்குக் கண்ணு தெரியாதா," என்றாள் அம்மா, தனக்குத்தானே சமாதானம் சொல்வதுபோல. பிறகு குகனுக்குத்தான் முதல் தேத்தண்ணியை ஊற்றினாள்.

மூன்று கண்ணாடிகளும் ஒரு லென்சும். துடைத்து மாட்டியதும் வேகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். கடைசியாக மிச்சமிருந்த கூடுதல் பலகையை வைத்தாள். எழுத்து காப்பிக்கொட்டை நிறத்தில், விளிம்பு பிசிறாமல், வரிசையாக எழும்பியது.

மூன்றரை நிமிடம்.

அவள் சிரித்தாள். அவன் பலகையைப் பார்க்கவில்லை... இயந்திரத்தை விட்டுவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பலகை இறங்கியது. எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கி முடிக்க இரண்டு மணி ஆனபோது வாசலில் ஒரு வேன் நின்றது. கிராப் வண்டி புக் பண்ண இருந்தவள் வெளியே வந்து பார்த்தாள். குகன் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தான். எனக்கு எப்படியும் கிள்ளானுக்குத்தானே போகணும் என்றான். காலையில் கிள்ளானிலிருந்துதான் வந்திருப்பான் என்பதை இருவருமே பேசவில்லை.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அசையவில்லை. வைப்பர் ஒரு திசையில் போய் மறு திசையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மடியில் பெயர்ப் பட்டியல். மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தான்... பிரேக் போட்டான். அவள் ஒருமுறை கேட்க வாயெடுத்தாள்... ஜன்னலைப் பார்த்தாள். மூன்றே முக்காலுக்கு மண்டபம் வந்தது.

சங்கச் செயலாளர் ராஜன் வாசலிலேயே வியர்த்துப்போய் நின்றார். பெட்டிகளைத் திறந்து, எண்ணி, நூற்றறுபதும் இருக்கிறது என்றதும்தான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது. பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டிருந்த குகனைப் பார்த்து, "தம்பி யாரு?" என்றார்.

லோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"டிரைவர், அங்கிள்."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுக்கப் போய்விட்டான். அவளுக்குக் காது சூடானது. ராஜன் மேடைப்பக்கம் ஓடிவிட்டார். அவள் வேன் பின்னால் போய், அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது?"

"எங்கப்பா லோரி டிரைவர். டிரைவர்னா எனக்குக் கேவலம் இல்ல. ஆனா நீங்க டிரைவர் இல்ல."

அவன் பெட்டியையே பார்த்தான். மழைத்தூறல் அட்டையில் புள்ளி புள்ளியாய் விழுந்தது. "உள்ளே எல்லாம் டிகிரிக்குப் போற பிள்ளைங்க லா. அவங்களுக்கு நடுவுல நீங்க என்னை யாருன்னு சொல்வீங்கன்னு தெரியல. நீங்க யோசிக்கிறதப் பாத்துட்டு நிக்கறதவிட... நானே சொல்லிட்டா வலிக்காதுல்ல."

நேற்று அவள் வீசிய ஒரு கேள்வி. ஒரு நாள் முழுக்க அவன் அதைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறான்... அவளுக்கு வேலையும் செய்து கொடுத்துக்கொண்டு.

மன்னிப்பு என்கிற சொல் வாய்வரை வந்தது. அதை நேற்றே சொல்லியாகிவிட்டது. அது போதவில்லை.

அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். அவன் மறுபக்கத்தைத் தூக்கினான். இருவருமாக மண்டபத்துக்குள் நடந்தார்கள். புடவைகளும் மல்லிகைச் சரமும் குழந்தைகளின் கூச்சலுமாக நிறைந்திருந்த நடைபாதையில், மேடையோரம் நின்ற ராஜன் முன்னால் பெட்டியை இறக்கினாள்.

"அங்கிள், இவர் டிரைவர் இல்ல."

ராஜன் கையில் மைக்கோடு விழித்தார்.

"இவர் பேரு குகன். இவர் இல்லைன்னா இன்னைக்கு அம்பது பிள்ளைங்க வெறுங்கையோட நின்னிருக்கும். என்னைவிட நல்லா வேலை தெரிஞ்சவர். அப்புறம்..." நிறுத்தினால் இனி வராது என்று அவளுக்குத் தெரிந்தது. "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. இன்னும் இவர்கிட்ட சொல்லல."

முன்வரிசையில் ஒரு அம்மா விசிறுவதை நிறுத்தினாள். ராஜன் மெதுவாக மைக்கைப் பார்த்தார். நல்லவேளை, அது அணைந்திருந்தது.

"இப்ப கேட்டுட்டாரும்மா," என்றார்.

லோகேஸ்வரி திரும்பிப் பார்க்கப் பயந்தாள். பலகைகளை எடுத்து வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இன்னொரு கை வந்து அடுத்த பலகையை எடுத்து வைத்தது.

"வேன்ல வர்றப்பவே சொல்லணும்னு நெனச்சேன்," என்றான் குகன், மிகத் தாழ்ந்த குரலில். "வழியில ஷா ஆலம் வரைக்கும் வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன்."

"என்னன்னு?"

"நீங்க சொன்னதுதான். ஆனா நான் முன்வரிசைக்கெல்லாம் கேக்கச் சொல்லிருக்க மாட்டேன்."

"இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க."

மேடையில் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் குனிந்து, அவள் காதுக்கு மட்டும், அவன் சொன்னான்.