பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்

டிரிங்... டிரிங்...

சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸ். காலை ஏழரை மணி. உள்ளே ஆள் இல்லை. கிளார்க்குகள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இருந்தார்கள்.

ஐந்தாவது மணியில் வாய்ஸ்மெயில் மெஷின் எடுத்தது.

பீப்!

"ஏழாம் நம்பர் காட்டுல ஆனை நிக்குது... என்னைப் பார்த்துருச்சு..."

கிசுகிசுப்பான ஆண் குரல். கட்!

ஒன்பது மணிக்கு ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுப் பாதையில் சூப்பர்வைசர் சுவக்கீன் கிடந்தார். நெஞ்சு நசுங்கியிருந்தது. பக்கத்தில் அவருடைய செல்போன். கடைசி அழைப்பு... ஆபீஸுக்கு!

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஜிஸ்மி வந்தாள்.

"இவனை அரெஸ்ட் பண்ணுங்க மேடம்!"

கத்தியவன் அசிஸ்டென்ட் மேனேஜர் ரிஞ்சு. கோட்டயத்திலிருந்து இந்த மலைக்கு வந்து நாற்பது நாள். அவன் விரல் நீட்டியது நவீன்குமாரை. மூன்று மாதம் முன்பு ஆபீஸ் போனுக்கு அந்த மெஷினை வைத்த கொழிஞ்சாம்பாறைக்காரன்.

"மெசேஜ் விழுந்தா சிவப்பு பல்பு எரியணும். எரியலை. எரிஞ்சிருந்தா அபாயச் சங்கு ஊதியிருப்போம். ஒரு ஜீவன் போச்சு! இதோ, இவனே எழுதிக் கொடுத்திருக்கான்!"

ரிஞ்சு ஒரு காகிதக் கட்டை ஆட்டினான். புது வாய்ஸ்மெயில் சர்வருக்கான நாற்பது பக்கத் திட்டம். முதல் வரி: 'இப்போதுள்ள மெஷினை நம்ப முடியாது.'

நவீன்குமார் அந்தக் கட்டையே பார்த்தான். தன் கையெழுத்தே தன்னை ஜெயிலுக்கு அனுப்பும் என்று எவன் நினைப்பான்?

"பல்பு எரியலீங்க. ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக ஆளைக் கொன்னேன்னு..."

ஜிஸ்மி குறுக்கிட்டாள். "கேள்விக்குப் பதில் சொல்லு. மூணு மாசத்துல மொத்தம் எத்தனை மெசேஜ்?"

"இது ஒண்ணுதானுங்க மேடம்."

"ஒண்ணே ஒண்ணா?"

"அதனாலதாங்க மெஷின் மெசேஜை முழுங்குதுன்னு நினைச்சேன். புது பிளான்ல ரெண்டு மெஷினுங்க. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிச்சுக்கும். எட்டு மணி நேர பேட்டரி. ஒவ்வொரு மெசேஜுக்கும் மூணு காப்பி..."

"முழுங்கவே இல்ல தம்பி. போட்டாத்தானே முழுங்கும்?"

ஹெட் கிளார்க் சிசிலி. அழுது வீங்கிய கண்கள்.

ஜிஸ்மி திரும்பினாள். "புரியலை."

"ஆனைக்கு முன்னாடி நின்னு எவம்மா பேசுவான்? சத்தம் கேட்டா துரத்தும்லா! மிஸ்டு கால்தான். ஒரே ரிங். கட். நம்பரைப் பார்த்தா யாரு, எந்தக் காட்டுல நிக்காகன்னு எனக்குத் தெரியும். சங்கை ஊதிருவேன்."

"அக்கா... இதை ஏன் எங்கிட்ட சொல்லலீங்க?"

"நீ கேக்கலியே தம்பி!"

நவீன்குமார் சுவரில் சாய்ந்தான். மூன்று மாதம்... நாற்பது பக்கம்...!

சிசிலி குரலைத் தாழ்த்தினாள்.

"சுவக்கீன் அண்ணன் இருபது வருஷத்துல ரெண்டாவது ரிங்குக்கு விட்டதே இல்ல. அது அவுக குரல் இல்ல மேடம்."

"ஏழரைக்கு இவன் எங்கே இருந்தான்?"

"களத்துல எங்கூட மைக் கட்டிட்டு இருந்தான்."

ஜிஸ்மி முற்றத்துக்கு வந்தாள். சூப்பர்வைசர்கள் ஜோமோன், ஜிபி. தள்ளி, தன் ஜீப்பில் சாய்ந்து ரிஞ்சு.

"ஒரு சின்ன சோதனை. நான் உள்ளே போறேன். இங்கே ஆனை வந்திருக்குன்னு ஆபீஸ் போனுக்குத் தெரிவிங்க. ஒவ்வொருத்தரா!"

உள்ளே வந்தாள். போனைத் தொடவில்லை.

டிரிங். கட். ஜோமோன்.

டிரிங். கட். ஜிபி.

டிரிங்... டிரிங்... டிரிங்... டிரிங்... டிரிங்...

பீப்!

"ஹலோ, ரிஞ்சு பேசறேன். ஆபீஸ் முற்றத்துல ஆனை நிக்குது."

முற்றத்தில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ஏன் முறைக்கறீங்க? சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்!"

ஜிஸ்மி வாசலில் வந்து நின்றாள்.

"ரொம்பத் தெளிவா சொன்னீங்க சார். இந்த ரெண்டு குரலையும் லேபுக்கு அனுப்பறேன். அப்புறம், சுவக்கீனோட போன்ல நீங்க பேசும்போது... கையுறை போட்டிருந்தீங்களா?"

ரிஞ்சுவின் முகம் வெளுத்தது.

ஜீப்பில் தாவி ஏறினான். சாவியைத் திருகுமுன் ஜோமோனின் கை அவன் காலரைப் பிடித்து இழுத்தது. ஜிபி குனிந்து முன் டயரைப் பார்த்தான். பம்பருக்கு அடியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஏலே... ஆனைக்கு நாலு டயரா?"

"அவன் போட்டோ எடுத்தான்!" ரிஞ்சு திமிறினான். "நான் மரம் வெட்டி லாரியில ஏத்தினதை... கம்பெனிக்கு அனுப்பறேன்னான்..."

போலீஸ்காரர்கள் விலங்கு மாட்டித் தங்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். சிசிலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜிஸ்மி போலீஸ் ஜீப்பில் கால் வைத்தாள். "தப்பிச்சே நவீன். புது சர்வரை இனி யாருக்காக வைக்கப் போறே?"

நவீன்குமார் பெருமூச்சு விட்டான்.

"மூணு மாசத்துல விழுந்ததே ரெண்டு மெசேஜுங்க. ரெண்டும் ஒரே கஸ்டமர். அவரையும் நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க!"