குயில் மூன்று முறை கூப்பிட்டது

“குயிலா? அந்தப் பேரையா குடுத்திருக்கா?”

“ஆமாக்கா. அதுக்கென்ன இப்போ? நன்னாத்தானே இருக்கு.”

“வேற பேரே கிடைக்கலையாடா உங்க கம்பெனிக்கு?”

“கழுகு, பருந்து எல்லாம் எப்பவோ போயாச்சாக்கும். மிச்சம் இருந்தது குயிலும் கோட்டானும். கோட்டான் பரவாயில்லையா?”

கேசவ் சிரித்தான். ராஜஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி புதிதாகத் தொடங்கிய ஒரு சரக்கு விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்திருக்கிறான். இன்று சாயங்காலம் அதன் முதல் பயணம். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வந்து, வளைகுடாவுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வானொலியில் விமானங்களைக் கம்பெனிப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. திரையில் மூன்றெழுத்துக் குறியீடு, பேச்சில் ஓர் அழைப்புப் பெயர், பின்னால் எண். அவனுடையது குயில் ஃபோர் செவன்.

அந்தப் பெயர் முன்பு வேறொரு கம்பெனியிடம் இருந்தது. அதன் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது; உள்ளே இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள். பெயரைச் சில வருஷம் யாருக்கும் தராமல் வைத்திருந்து இப்போது கொடுத்திருக்கிறார்கள், இறந்தவரின் வீட்டைப் பூட்டி வைத்திருந்து வாடகைக்கு விடுவதுபோல.

“விழுந்த அந்த விமானத்தோட கடைசி டேப்பை நான் கேட்டிருக்கேன்டா.”

“கேக்கறதுதானே உன் வேலை. அம்மா மாதிரியே ஆயிட்டே. சரி, மேல ஏறினதும் மூணு தரம் உன்னைக் கூப்பிடறேன், போறுமா? அப்போ மனுஷன்தான்னு நம்புவியோல்லியோ?”

கரமனை வீட்டில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு வைத்த பிறகு வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் பதில். மனுஷர் அல்லாத மற்றவற்றால் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட முடியாதாம். சின்ன வயதில் கேசவ் வேண்டுமென்றே இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இப்போதும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. அம்மா திட்டுவதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து அதையே தன் போனின் மணியாக வைத்திருக்கிறான். யார் அழைத்தாலும் ‘எடுடா கேசவா, எடுடா கேசவா’ என்று அம்மா கத்துவாள்.

போனை வைத்த பிறகுதான் அலுவலகம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று ராஜஸ்ரீ கவனித்தாள். ஓண விடுமுறை. கழக்கூட்டம் மென்பொருள் பூங்காவின் அத்தனை கட்டடங்களும் வெறிச்சென்று கிடந்தன. கீழேயிருந்து காவலாளி சொரிமுத்து இண்டர்காமில் ஒருமுறை கூப்பிட்டார்.

“மேடம், ஓணத்தன்னிக்குமா வேல? பாயாசம் எடுத்து வச்சிருக்கேன், ஆறிரும் கேட்டியளா. மழ வேற இருட்டிக்கிட்டு வருது.”

“இதோ, இன்னும் கொஞ்ச நேரம் அண்ணே.”

கட்டுப்பாட்டு அறையும் விமானிகளும் பேசுவதை இயந்திரத்துக்குப் புரியவைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. பழைய பதிவுகளைக் கேட்டு அழைப்புப் பெயர்களை எழுதுவாள். சில நாள் மைக் முன்னால் உட்கார்ந்து கட்டுப்பாட்டு அதிகாரியின் குரலாக அவளே பேசுவாள். மேஜைக்கடியில் ஒரு மிதி. மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், பேசலாம். அந்தக் கம்பி பக்கத்து அறையில் உள்ள பதிவுப் பெட்டியோடு முடிந்துவிடும். வானத்துக்குப் போகாது.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்தச் சிறிய அறைக்குள் மழையின் சத்தம் வரவில்லை, அதன் வாசனை மட்டும் வந்தது. நனைந்த தரைவிரிப்பின் முடைநாற்றமும், வரவேற்பறையின் ஓணப் பூக்கோலத்தில் அழுகத் தொடங்கிய செண்டுமல்லியின் கசப்பும், அவற்றுக்கடியில் எங்கிருந்தோ உப்பும் கலந்து, ஏசிக் காற்றோடு மெல்ல மெல்ல அவள் கழுத்தில் படிந்தன. மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. திரை கறுத்தது. ஹெட்போனில் மணல் சரிவதுபோல ஓர் இரைச்சல்.

“திருவனந்தபுரம், குயில் ஃபோர் செவன்.”

ராஜஸ்ரீ நிமிர்ந்தாள். பதிவு எதையும் அவள் ஓடவிடவில்லை.

இரைச்சல் நீண்டது. அதற்குள் யாரோ மூச்சு வாங்குவதுபோல இருந்தது.

“திருவனந்தபுரம், குயில் ஃபோர் செவன்.”

இம்முறை குரல் சற்று உயர்ந்திருந்தது. பதில் வராத குயில் அடுத்த கூவலை உயர்த்துமே, அப்படி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டுதான். இரண்டோடு நின்றுவிடும். கதவுக்கடியில் தெரிந்த தாழ்வார வெளிச்சத்தையே பார்த்தாள். நின்றுவிடும்.

“குயில் ஃபோர் செவன்.”

மூன்று.

மனுஷன்தான். கேசவ்தான். பக்கத்து அறைப் பெட்டியில் எப்படியோ புகுந்து விளையாடுகிறான், தடியன். மிதியை அழுத்தினாள்.

“ஏன்டா? சொல்லு.”

சிவப்பு விளக்கு எரிந்தது. இரைச்சல் விலகி, தெளிவாக, மிக அருகில், எஞ்சின் ஓசை கேட்டது.

மேஜையில் போன் அதிர்ந்தது. கேசவின் செய்தி. ‘இங்க பேய்மழை. ஃப்ளைட் நாளைக்குத்தான். ஓட்டல் ரூம்ல படுத்துண்டிருக்கேன். நீ பயப்படாதே.’

இரண்டு தரம் படித்தாள்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அவள் கேட்ட டேப்புகளில் எல்லாம், விழப் போகிற விமானம் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை ஒரு தரம் சொல்லி நிறுத்தியதே இல்லை. மூன்று தரம். அதுதான் அவர்கள் கற்ற முறை. கடலில் போன குயிலும் மூன்று தரம் சொன்னது. அம்மாவுக்கு அது தெரியாது.

மிதியிலிருந்து காலை எடுத்தாள். விளக்கு அணையவில்லை.

ஹெட்போனின் கம்பியைப் பார்த்தாள். அதன் முனை எதிலும் செருகப்படாமல் மேஜைமேல் கிடந்தது. நனைந்து.

ஆபத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூறு தரம் மைக்கில் பேசிய கேள்வி. அவளை மீறி, பழக்கத்தில், உதடு சொல்லிவிட்டது.

“உள்ளே எத்தனை பேர்?”

இரண்டு. இரண்டு என்று சொல். இரண்டு பேர்தான்.

“மூணு.”

போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. கேசவ். அழைப்பு. ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிக் காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்போன் இருந்த மற்றக் காதில் கேட்டது. எஞ்சின் ஓசைக்கு அடியில். தண்ணீருக்குள்ளிருந்து.

‘எடுடா கேசவா.’

போனைக் காதோடு அழுத்தினாள்.

‘எடுடா கேசவா.’

கதவுக்கடியில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அந்த இடத்தில் ஏதோ பளபளத்து, தரைவிரிப்பை நனைத்தபடி, அவள் காலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

‘எடுடா…’

யாரோ எடுத்தார்கள். இரண்டு காதிலும் ஒரே குரல்.

“ராஜி அக்கா, இங்க ஒரே இருட்டா இருக்கு. இவா ரெண்டு பேரும் உன்னைக் கேக்கச் சொல்றா. எறங்கட்டுமா?”