ஒரே வரி மறுபடி வந்தால்

மத்தியானத்திலிருந்து பிரிசில்லாவின் போன் கப்சிப்பென்று கிடந்தது. அதுதான் சரியாகப் படவில்லை. ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பின் மாடியறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு, கீழே யார்டிலிருந்து தண்ணி வரலை, உப்பு தீர்ந்துபோச்சு, மோட்டார் நின்னுபோச்சு என்று ஓயாமல் மெசேஜ் வந்து பிராணனை வாங்கும். அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான், மெசேஜ்களை முதலில் வாங்கிப் புதியதை மட்டும் அவளுக்கு அனுப்ப ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்தார்கள். ஏஜென்ட் பயன்படுத்தும் ஹாஷ் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலை இவள் தலையில் விழுந்தது.

கருவி பெரிய வித்தையொன்றும் செய்யாது. ஒரு வரியைக் கொடுத்தால் அதற்கென்று நீளமான ஓர் எழுத்துச் சரத்தைத் தரும். அதே வரிக்கு எப்போதும் அதே சரம். ஒரு புள்ளி மாறினாலும் வேறு சரம். சரத்திலிருந்து வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஏஜென்ட் சரத்தை வைத்துக்கொண்டு வரியை அழித்துவிடும். பிரிசில்லா சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தாள்: ‘சரம் ஏற்கெனவே இருந்தால் அந்தச் செய்தி பழசு. யாருக்கும் அனுப்பாதே.’ மேனேஜர்கூட சபாஷ் போட்டார்.

இப்போது திரையின் மூலையில் ‘பழசு’ என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக ஈரத்தோல் வாடையும் சுண்ணாம்பு நெடியும் மெல்ல வந்தன. வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை நேரம், தோலை உருட்டும் டிரம்கள் நின்று யார்டே வெறிச்சோடிக் கிடந்ததால் மின்விசிறி கிறீச்சிடுவதும், அதற்கிடையே எங்கோ தண்ணீர் சொட்டுவதும் காதருகே கேட்டன. திரையில் அதே சரம். மறுபடியும் அதே சரம்.

“ஹீனா, கீழ இன்னா நடக்குது? யாரோ ஒரே மெசேஜ போட்டுக்கினே இருக்காங்க.”

“தண்ணி லாரி கேக்கறாங்களா இருக்கும்க்கா. பேஜாரு. வுடுங்க,” என்றாள் பக்கத்து மேஜை ஹீனா.

வரி அழிந்துவிட்டது. ஊகித்துப் பார்ப்பதுதான் வழி. பிரிசில்லா கருவியில் ‘தண்ணி வரலை’ என்று அடித்தாள். சரம் பொருந்தவில்லை. ‘லாரி வரலை’. அதுவும் இல்லை.

விரல் நின்றது.

டிரம்கள் நிற்கும் ஜும்மா நேரத்தில்தான் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்குவார்கள். இன்று இறங்கியிருப்பது ஆல்வின். அவள் புருஷன். மேலே காவல் பஞ்சாட்சரம். இறங்கியவன் குரல் கொடுக்கவில்லையென்றால் மேலே நிற்பவன் அனுப்ப ஒரு வரி உண்டு. பதற்றத்தில் உளறாமலிருக்க, போனில் ஒரே பொத்தானில் பதிந்து கொடுத்த வரி. போன வாரம் ஒத்திகையில் ஒருமுறை அனுப்பிப் பார்த்தார்கள்; அதன் சரம் அன்றே ஏஜென்ட்டிடம் சேர்ந்திருக்கும்.

அடித்தாள். ‘உள்ளே ஆள் சத்தம் இல்லை’.

எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போனது. தன் குறிப்பை மறுபடி படித்தாள். பிழையே இல்லை. அடிப்பாவி, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள்!

போன் டிங் என்றது. ‘புதிய செய்தி. உடனே பார்க்கவும். பஞ்சாட்சரம்: நானும் எறங்கறேன்.’

“ஹீனா, ஆளுங்கள கூப்புடு! ஆல்வின் தொட்டிக்குள்ள!”

படிக்கட்டு. யார்டு. காய்கிற தோல்கள். ஈ காக்கை இல்லை. கால்கள் ஓடின, அவை யாருடையவையோ.

தொட்டியின் மூடி திறந்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம். விளிம்பில் பஞ்சாட்சரத்தின் போன். பக்கத்தில் ஆளில்லை.

திரையில் அந்தப் பொத்தான் அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது.

தொட யாருமில்லை.

குனிந்தாள்.

சகதியில் இரண்டு பேர். மல்லாந்து. ஆல்வினின் கண் மூடவில்லை. வாய் நிறையச் சகதி.

“ஆல்வின்...”

மூச்சில்லை. அவள் கையிலிருந்த போன் டிங் என்றது.

‘புதிய செய்தி. உடனே பார்க்கவும். உள்ளே ஆள் சத்தம் இருக்கு.’

கீழே, சகதி நிறைந்த இரண்டு வாய்களும் ஒன்றாக அசைந்தன.

“எத்தினி தபா சொன்னோம், பிரிசி.”