எட்டு மணி அலாரம்

காலை 8.00. போனில் அலாரம் அடித்தது. தையல்காரி நூல்கண்டு டப்பாவுக்குள் கைவிட்டு மாத்திரைக் குப்பியை எடுத்தாள். குலுக்கினாள். சத்தமே இல்லை.

மாதம் முழுக்க வரவேண்டிய மாத்திரை, பாதி மாதத்திலேயே காலி. குப்பியின் வாயில் அடைத்திருந்த பஞ்சு மட்டும் அப்படியே இருந்தது. நடுவில் குறைவதுபோல் தோன்றியபோதெல்லாம், பாழாய்ப்போன பிரமை என்று விட்டிருந்தாள்.

அவள் கணவனுக்கு எச்ஐவி. சிகிச்சை தொடங்கியாயிற்று, கிருமி இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அதுவரை தனக்குத் தொற்றாமலிருக்கத்தான் தினம் ஒரு தடுப்பு மாத்திரை. மாத்திரையை மறுபடி வாங்கிவிடலாம். ஆனால் எடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்குமே! ஈ எறும்புக்குக்கூடத் தெரியாத ரகசியம் இது. வெளியே போனால் குடும்பமே சந்தி சிரிக்கும்.

காலை 10.15. மருத்துவமனை ஆலோசகரைத் தேடிப் போனாள். ஆளைத் துருவித் துருவிக் கேட்பதால் அந்த அம்மாவுக்கு அங்கே ‘துருவி அக்கா’ என்றே பெயர்.

“வீட்ல யார் யாரு?”

“அவர், மாமியார், நாத்தனார். நாத்தனார் வீட்டுக்காரர் ஊர் ஊரா விற்பனைக்குப் போறவர். எப்பவாவதுதான் வருவார்.”

“சந்தேகம்?”

“மாமியார் மேலதான். பேரப்பிள்ளை எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கர்ப்பத்தடை மாத்திரைன்னு நினைச்சுக் கொட்டிட்டாங்களோ என்னவோ.”

“இந்த மூடியை அழுத்தித் திருப்பணும். அவங்களால முடியுமா?”

தையல்காரி யோசித்தாள். மாமியாருக்கு விரலெல்லாம் மூட்டுவலி. தண்ணீர் பாட்டிலைக்கூட மருமகளிடம்தான் நீட்டுவாள்.

“பஞ்சு எப்படி இருந்துச்சு?”

“நான் வைக்கிற மாதிரியே.”

“சரி. இப்போதைக்கு இந்த மாத்திரைகளை வச்சுக்கோ. நாளைக்கு ஒரு சட்டையைப் பிடிச்சுத் தைக்கணும்னு வர்றேன். உன் போனைக் கூடத்திலேயே வச்சிரு.”

மறுநாள் காலை 7.50. துருவி அக்கா கூடத்தில் அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள். மாமியார் காய் நறுக்கினாள். நாத்தனார் துணி மடித்தாள். தையல்காரி அளவுநாடாவை விரித்தாள்.

எட்டு மணி. அலாரம்.

“அந்தச் சனியனை நிறுத்துடி!” என்றாள் மாமியார், தலை நிமிராமலே.

நாத்தனார் மடித்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டாள். சட்டென்று நின்றாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

“ஊசி கோக்கணும், உள்ள வாம்மா,” என்று துருவி அக்கா அவளைத் தையல் அறைக்கு அழைத்தாள். தையல்காரி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

“எடுத்தது நீதானே? கோபத்துல கொட்டுறவங்க ஒரே மூச்சா கொட்டுவாங்க. நீ தினம் ஒண்ணு எடுத்து, பஞ்சையும் பத்திரமா திரும்ப வச்சிருக்க. மாத்திரை கெடக்கூடாதுன்னு யார் நினைப்பாங்க? அதை முழுங்கறவங்கதான். இவளுக்கு அடிச்ச அலாரத்துக்கு நீ தண்ணி மொண்டியே, அப்பவே தெரிஞ்சு போச்சு.”

நாத்தனார் உடைந்து அழுதாள். “நூல் எடுக்க வந்தப்பதான் பார்த்தேன், அண்ணி. மாத்திரை மேல இருந்த எழுத்தைப் போன்ல தேடினேன். அண்ணன் விஷயம் அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. யார்கிட்டயாவது மூச்சு விட்டேனா? என் வீட்டுக்காரர் போற ஊர்லயெல்லாம்... கேட்டா கை ஓங்கறார். எனக்குப் பயமா இருந்துச்சு.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே!”

“நீங்களே ஒளிச்சுத்தானே வச்சீங்க?”

கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் என்றுதான் தையல்காரி வந்திருந்தாள். கை எழவில்லை.

“பரிசோதனை பண்ணாம இதை முழுங்கினது பெரிய தப்பு,” என்றாள் துருவி அக்கா. “உனக்கு ஏற்கெனவே தொத்தியிருந்தா இது போதாது, வேற சிகிச்சை. கிளம்பு.”

காலை 10.40. மருத்துவமனை ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் தையல்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை திருடி யாரென்று தவித்தவள், இன்று அந்தத் திருடிக்காக வேண்டாத தெய்வமில்லை.

கதவு திறந்தது. நாத்தனாரின் கண் சிவந்திருந்தது. அவள் கையில் ஒரு புதுக் குப்பி, அதே மாத்திரை. தையல்காரியின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

“மூடியை எப்படித் திறக்கணும்னு சொல்லித் தரட்டுமா?” என்றாள், பின்னாலேயே வந்த துருவி அக்கா.

“அது அவளுக்கு நல்லாவே தெரியும்,” என்றாள் அண்ணி.