சந்தேகத்தின் பலன் தீர்ப்புக்கே

கனவுக்குள் நடந்த கொலை வழக்கில் தீர்ப்பி என்ற நீதி இயந்திரம் தீர்ப்புச் சொன்ன அன்றே, அதை அலசிச் சட்ட அறிஞர்கள் எழுதிய நூற்று நாற்பது உரைகள் வந்து குவிந்தன. அதே நாளில் திருநெல்வேலியில், வண்டி பேட்டரி ஒன்றைத் திருடியதாக, சார்ஜ் போடும் கடை வைத்திருந்த சுடலைக்கண்ணுவுக்கு அந்த இயந்திரம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. அதைப் பற்றி ஓர் உரையும் வரவில்லை.

தீர்ப்பி மனிதர்களை மதிக்காத இயந்திரம் அல்ல. ஒவ்வொரு குற்றத் தீர்ப்பையும் முப்பது நாள் திறந்து வைத்திருக்கும். அதற்குள் சட்ட அறிஞர் யாராவது பிழையைச் சுட்டி உரை எழுதினால், படித்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். யாரும் எழுதாவிட்டால் தீர்ப்பு சரி என்று எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேட்டரித் திருட்டைப் பற்றி எழுதி எந்தப் பேராசிரியர் பெயர் வாங்கப் போகிறார்?

இருபத்தெட்டாம் நாள் மதியம், சுடலைக்கண்ணுவின் மனைவி பேராச்சி, எஸ்தர் நளாயினியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். எஸ்தர் நாற்பது ஆண்டுகள் குற்றவியல் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

"பேட்டரி எங்க கடையிலதாம்மா கெடந்துச்சு, இல்லன்னு சொல்லல. சார்ஜ் போட்டு வைன்னு ஒருத்தரு குடுத்துட்டுப் போனாரு. பொறவு வரவே இல்ல. அவரக் கொண்டாந்து நிறுத்தி நிரூபின்னு சொல்லுதாவ. நாங்க எங்க போய்த் தேட?"

எஸ்தர் தீர்ப்பை வாங்கிப் படித்தார். கோபம் வந்தது.

"இது தப்பும்மா. உங்க வீட்டுக்காரர் நம்புற மாதிரி ஒரு விளக்கம் சொன்னாப் போதும். அதை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே இது தெரியும்."

அப்போதே உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினார். வழக்கம்போல, 'இதற்கு மாறாகவும் கருத இடமுண்டு' என்று முடித்தார். அந்த வரி இல்லாமல் அவர் எந்த உரையையும் முடித்ததில்லை. அது அவருடைய பணிவு. அந்தப் பணிவில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முப்பதாம் நாள் பேராச்சியை அருகில் வைத்துக்கொண்டு பதிலைத் திறந்தார்.

'வாதம் வலுவானது. ஆயினும் மாறாகக் கருத இடமுண்டு என்று உரையாசிரியரே ஐயப்படுகிறார். சந்தேகத்தின் பலன் தீர்ப்புக்கே. தண்டனை உறுதி.'

அந்த விதி எஸ்தருக்கு நன்றாகத் தெரியும். பொழுதுபோகாதவர்கள் கிறுக்கி அனுப்புவதைத் தடுக்க, தீர்ப்பிக்கு விதிகள் வகுத்த குழுவில் அதை முன்மொழிந்ததே அவர்தான்.

"சந்தேகம் வந்தா கூண்டுல நிக்கவனுக்குத்தானே சாதகம்னு சொல்லுவாவ?" என்றாள் பேராச்சி.

"மனுஷனுக்கு அப்படித்தான். தீர்ப்புக்கு நாங்க வேற மாதிரி எழுதி வச்சிட்டோம்."

"அந்தக் கடைசி வரி எதுக்கும்மா எளுதுனீய?"

"பழக்கம்," என்றார் எஸ்தர். பேராச்சியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

நிராகரித்த உரையை ஒரே ஒரு முறை திருத்தி அனுப்பலாம். எஸ்தர் அந்தக் கடைசி வரியை அடித்தார். 'இந்தத் தீர்ப்பு தவறு. சுடலைக்கண்ணுவை விடுவிக்க வேண்டும்' என்று எழுதினார். நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு நேராக அவர் எதையும் சொன்னதில்லை. சொன்ன பிறகு மனசு லேசானது.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

'எஸ்தர் நளாயினியின் முந்நூற்றுப் பன்னிரண்டு உரைகளில் ஒன்றுகூட இவ்வளவு உறுதியாக முடிந்ததில்லை. அவர் பெயரில் வேறொருவர் எழுதியிருக்கலாம். சந்தேகத்தின் பலன் தீர்ப்புக்கே. தாமே எழுதியதாக ஆசிரியர் கூறினால், அதை அவர் நிரூபிக்க வேண்டும்.'

எஸ்தர் அதை இரண்டு முறை படித்தார்.

"நான்தானே எழுதினேன்," என்றார். "இதை எப்படி நிரூபிக்கிறது?"

"இதத்தாம்மா கூண்டுல நின்னு எங்க வீட்டுக்காரவுகளும் கேட்டாவ," என்றாள் பேராச்சி.