காலி என்று ஒரு பெயர்

பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் லாரஸின் முகம் தொங்கிப்போனது. மூடியில் விதவிதமான பிஸ்கட் படங்கள். உள்ளே பொரித்த அரிசி வடகம்! இந்தோனேசியாவின் மாலாங் நகரில் எந்த வீட்டு டப்பாவைத் திறந்தாலும் இதே கதைதான். ஆனாலும் பத்து வயது லாரஸ் ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோவாள்.

வடகத்தைக் கடித்துக்கொண்டே, டப்பாவோடு அண்ணன் பாயுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொழிற்பள்ளியில் கம்ப்யூட்டர் படிக்கும் பாயுவுக்கு மறுநாள் வகுப்புக்கு லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே லேப்டாப்பில் விண்டோஸ்தான் இருந்தது. லினக்ஸும் அதில் குடியேற வேண்டுமென்றால், ஹார்ட் டிஸ்கில் தனியாக இடம் ஒதுக்க வேண்டும்.

"செஞ்சுக்கோ. ஆனா என் ஆய்வுக் கட்டுரைல ஒரு எழுத்து காணாமப் போனாலும் உனக்குச் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போயிருந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியையான அம்மா பட்டப்படிப்பும் படிக்கிறாள். வியாழக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும்.

பாயு லினக்ஸை நிறுவும் நிரலை ஓடவிட்டான். திரையில் டிஸ்கின் பகுதிகள் பட்டியலாக வந்தன.

"இது விண்டோஸ். அம்மாவோடது எல்லாம் இதுலதான் இருக்கு, தொடக்கூடாது" என்றான் பாயு. "இதைப் பாரு, பேரே ‘காலி’. இதை அழிச்சிட்டு லினக்ஸைப் போட்டுடலாம்."

"அண்ணா, நில்லு! பக்கத்துல முப்பத்தொண்ணு ஜிபின்னு போட்டிருக்கே?"

"அது நிரம்பின இடம்."

"காலின்னா எப்படி நிரம்பும்?"

"ஏதாவது குப்பையா இருக்கும். நீ போய் வடகம் தின்னு."

லாரஸ் டப்பாவை எடுத்து அவன் காதருகே குலுக்கினாள்.

"இதுலயும்தான் பிஸ்கட்னு போட்டிருக்கு! திறந்து பாத்துட்டு அழி. நிஜமாவே காலியா இருந்தா, ஒரு வாரம் உன் தட்டையும் நானே கழுவுறேன்."

ஒரு வாரம்! பாயு உடனே நிறுவுவதை நிறுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினான். இருவரும் ‘காலி’யைத் திறந்தார்கள்.

‘கட்டுரை’, ‘கட்டுரை முடிந்தது’, ‘நிஜமாகவே முடிந்தது’ என்று கோப்புகள் வரிசையாக இருந்தன. கீழே, அம்மா ஆய்வுக்காக எடுத்த வீடியோக்கள். அவற்றில் விளையாடிய குழந்தைகள் இப்போது ஒன்றாம் வகுப்புக்கே போய்விட்டார்கள்; மறுபடி எடுக்க வழியில்லை.

"செத்தேன்!" என்றான் பாயு.

"இன்னும் இல்ல" என்றாள் லாரஸ். "இதுல மொத்தம் எவ்வளவு இடம்?"

"இருநூறு ஜிபி."

"அப்போ காலியா இருக்கறதுல மட்டும் கொஞ்சம் பிரிச்சு எடுத்துக்க முடியாதா?"

"முடியும். ஆனா முதல்ல இதையெல்லாம் நகல் எடுத்து வைக்கணும். பென் டிரைவ் முழுக்க என் சினிமா..."

"இப்ப அழி" என்றாள் லாரஸ்.

பதினேழு படங்கள் போயின. அம்மாவின் கோப்புகள் பென் டிரைவில் ஏறின. பிறகு பாயு ‘காலி’யைச் சுருக்கி, கிடைத்த இடத்தில் லினக்ஸை நிறுவினான்.

மாலையில் நடந்ததைக் கேட்ட அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "நீங்க நோண்டக் கூடாதுன்னுதான் ‘காலி’ன்னு பேர் வெச்சேன்!"

"காலின்னா நோண்ட மாட்டோம்மா, அழிச்சிடுவோம்!" என்றான் பாயு. "நல்லவேளை, லாரஸ் தடுத்தா."

வியாழக்கிழமை அம்மா கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பிஸ்கட் டப்பாவின் மேல், அம்மாவின் கையெழுத்தில் ‘அரிசி வடகம்’ என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பாயு அதைப் படித்துவிட்டு, திறக்காமலே உள்ளே போய்விட்டான். லாரஸ் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். சத்தம் வேறு மாதிரி இருந்தது.

"என்னடி சாப்பிடற?" என்று பாயு உள்ளிருந்து கேட்டான்.

"வடகம்!" என்றாள் லாரஸ், வாய் நிறைய பிஸ்கட்டோடு.