சூட்டி பழகிக்கொண்ட ஆள்

வேலிப் படலைக்கு வெளியே நின்ற மாரிமுத்துவைப் பார்த்து சூட்டி புதுவிதமாகக் குரைத்தது. இரண்டு குரைப்பு, தொண்டைக்குள் ஒரு கிறீச்சல், பின்னால் ஓர் அடி. யாரைக் கண்டாலும் குரைக்கிற பொமேரியன்தான். ஆனால் வேலியோரம் மேயும் கழுதைகளைக்கூட அது முன்னால் பாய்ந்துதான் விரட்டும். அது பின்வாங்கியதைப் பெற்றிசியா அன்றுதான் பார்த்தாள்.

நாய்க்கு மயிர் சீவிய சீப்போடு கதிரையில் இருந்த அவள் கணவர் அமிர்தநாயகம் சிரித்தார்.

"உள்ளுக்கு வா மாரிமுத்து. அது கடிச்சாலும் உன்னில எலும்புதான் கிடைக்கும்."

மாரிமுத்து மலைநாட்டிலிருந்து வந்து பள்ளிமுனையில் தனியே இருந்தவன். கடலுக்குப் போவது அன்றுதான் முதல் தடவை. அவன் காலை எடுத்து வைக்கவில்லை.

"வேணாண்ணே. இன்னொரு நாளைக்கு வர்றேன்."

அமிர்தநாயகம் சூட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு அவனோடு போனார். படகு திரும்பவில்லை.

ஓர் உடல்தான் கரையொதுங்கியது. முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. கழுத்தில் கயிற்றோடு அமிர்தநாயகத்தின் உத்தரியம் கிடந்தது, மாதா படம் தைத்த துணித்துண்டு. மடுமாதா கோயிலில் வாங்கியது, அறுந்த இடத்தை அவளே நீல நூலால் தைத்தது. கணவரின் தம்பி சஜீவன் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். மாரிமுத்துவைத் தேடி யாரும் வரவில்லை.

மூடிய பெட்டியை முன்னறையில் வைத்தபோது சூட்டி குரைத்தது. இரண்டு குரைப்பு, கிறீச்சல், பின்னால் ஓர் அடி. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட திரும்பிப் பார்த்தார்கள்.

"சவ வாடை, மச்சாள். நாய்க்கு வேற என்ன தெரியும்" என்று சஜீவன் அதைக் கொண்டுபோய்க் குசினியில் அடைத்தான். அவளும் அதையே நம்பினாள். நம்பாவிட்டால் விழுந்து அழ ஒரு பெட்டிகூட இருக்காது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவருடைய தட்டில் சோறும் பாரைமீன் குழம்பும் போட்டுக் கதிரைக்கு முன்னால் வைத்தார்கள். சஜீவன் கதிரையைப் பார்த்து அழைத்தான்.

"அண்ணை, உங்கட வீடுதானே. வந்து சாப்பிடுங்கோ."

சனம் கலைந்துபோன பின்னேரம், சோளகக் காற்று மணலை வாரிக் கொண்டுவந்து கதவில் உரசிக்கொண்டிருக்க, மஞ்சள் வெயில் தரையில் அசையாமல் கிடக்க, குழம்பு வாசத்துக்கு அடியிலிருந்து உப்பில் ஊறிய கயிற்றின் வாடை மெல்ல மேலெழுந்தபோது, படலையடியில் சூட்டி குரைக்கத் தொடங்கியது. படலையில் ஆளில்லை. சூட்டி ஓர் அடி பின்வாங்கியது. குரைத்தது. இன்னோர் அடி. முற்றம் தாண்டி, வாசல் தாண்டி, யாரோ தயங்கித் தயங்கிக் கால் வைத்து வருவதற்கு ஏற்றபடி. கதிரைவரை.

கதிரை முனகியது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நடுக்கடலில் பயந்து நடுங்கிய மாரிமுத்துவின் கழுத்தில் தன் உத்தரியத்தைக் கழற்றிப் போட்டிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். அவர்களோ அவனுக்குக் கல்லறையைக் கொடுத்தார்கள், பெயரைக் கொடுத்தார்கள். அந்தப் பெயரிலேயே வீட்டுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

சஜீவனிடம் சொன்னாள். அவன் நாயைக் கொஞ்ச நாள் தன் வீட்டில் விடச் சொன்னான். அவள் கொடுக்கவில்லை. அது குரைக்கிறவரை அந்தக் கதிரை அவருடையது. அவருக்காக அந்த வீட்டில் இடம் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

பொமேரியன் ஓர் ஆளை ஏற்றுக்கொள்ள நாளெடுக்கும். ஏற்றுக்கொண்டால் பிறகு அந்த ஓர் ஆள்தான். இரண்டு குரைப்பு ஒன்றாயிற்று. பிறகு கிறீச்சல் மட்டும். ஒரு பின்னேரம் அதுவும் இல்லை.

எட்டிப் பார்த்தாள். கதிரையடியில் சூட்டி மல்லாந்து கிடந்தது. வாலை ஆட்டியது. வயிற்று மயிர் அழுந்தியது. நிமிர்ந்தது. மறுபடி அழுந்தியது. ஒரு கை அகலத்துக்கு. ஈரமாக.

வெளியே தண்ணீர்ச் சத்தம். யாரோ கால் கழுவினார்கள். ஒரு செருமல். கட்டிய நாள் முதல் அவள் கேட்டுவந்த செருமல்.

"பெற்றி."

அவள் கதவை நோக்கி ஓடினாள். சூட்டி அவளை முந்தியது. கதவோடு மோதி, பல்லைக் காட்டி, வெறிபிடித்ததுபோல் குரைத்தது. வெளியே நின்றவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

தாழ்ப்பாளில் அவள் கை நின்றது.

"உள்ளுக்கு ஆர், பெற்றி?"

அவளுக்குப் பின்னால் கதிரை முனகியது. அதில் இருந்தது எழுந்துவிட்டது.

சேமக்காலையில் அந்தக் கல்லறைச் சிலுவை இன்னும் நிற்கிறது. அதில் அமிர்தநாயகம் என்றுதான் எழுதியிருக்கிறது.